ஒரே பாட்டரியில் பல கருவிகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் திரைப்படத் துறையைச் சேர்ந்ததுதான். ஆனால் நடிகர்களைப் பற்றியதன்று. இயக்குநர்களைப் பற்றியதும் அன்று. காமிராவின் முதுகில் மாட்டப்பட்டிருக்கும் உள்ளங்கை அளவுள்ள ஒரு தகட்டைப் பற்றியது. செங்கல் போன்ற பாட்டரி அந்தத் தகட்டில்தான் அமர்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதனை 'பாட்டரி பிளேட்' என்பார்கள். நானும் அந்தப் பெயரையே வழங்குகிறேன்.

இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் படப்பிடிப்புக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். மழையில் நனைந்ததாலோ கீழே விழுந்ததாலோ கெட்டுப்போன காமிராக்கள் என் மேசைக்கு வருவது இயல்பு. ஆனால் நனையாமல், விழாமல், வெளியே ஒரு கீறலும் இல்லாமல் கெட்டுப்போய் வரும் காமிராக்களும் உண்டு. அவற்றைத் திறந்து பார்த்தால், குற்றம் பல சமயங்களில் இந்தப் பிளேட்டிலிருந்து போகும் ஏதாவது ஒரு கம்பியில் இருக்கும். கல்லூரியில் பயிலும்போதே வாடகைக்குக் காமிரா எடுத்துக் குறும்படம் எடுக்கும் தலைமுறை உங்களுடையது. ஒரு கருவி எரிந்துபோனால் அதன் விலையை ஈடுகட்டுவது ஒரு மாணவர் குழுவுக்கு எளிதான செயலன்று. ஆகவே இதனை அறிந்து வைத்திருப்பது நல்லது.

முன்னாளில் இந்தத் தொல்லையே இருந்ததில்லை. பெல் அண்டு ஹவல் நிறுவனத்தார் 1925-இல் வெளியிட்ட ஐமோ காமிராவுக்கு மின்சாரமே வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்தால் வில்சுருள் விரியும், படச்சுருள் ஓடும். 1937-இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான ஆரிபிளெக்ஸ் 35 காமிராவுக்கு மின்மோட்டார் இருந்தது, அதற்கு ஒரு பாட்டரி, அவ்வளவே. பாட்டரிக்கு ஒரே வேலை, மோட்டாரைச் சுழற்றுவது. இன்றைய காமிராவின் நிலை அப்படியில்லை. ஒளிப்பதிவாளர் பார்க்க ஒரு மானிட்டர், தொலைவில் அமர்ந்திருக்கும் இயக்குநருக்குப் படத்தை அனுப்பும் கம்பியில்லாக் கருவி, லென்ஸைத் திருப்பிக் கூர்மை சேர்க்கும் போகஸ் மோட்டார், சில வேளை ஒரு சிறு விளக்கு, இவை எல்லாம் காமிராவோடு ஒரே பந்தியில் அமர்ந்துவிட்டன. பரிமாறுவதோ ஒரே ஒரு பாட்டரி.

அந்தப் பாட்டரியை முதலில் பார்ப்போம். இன்று பெருவழக்கில் உள்ளது லித்தியம் அயனிப் பாட்டரி. சோனி வழிவந்த 'வி-மவுண்ட்' என்றும், ஆண்டன் பாயர் வழிவந்த 'கோல்டு மவுண்ட்' என்றும் இதன் அடிப்பாகம் இருவகைப்படும். ஒருவகைப் பாட்டரி மற்றவகைப் பிளேட்டில் பொருந்தாது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றே: தொடர்வரிசையில் இணைத்த நான்கு கட்டக் கலங்கள். ஒரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். எனவே பாட்டரியின் மேல் 14.4 வோல்ட் என்று அச்சிடுகிறார்கள். ஆனால் முழுதும் மின்னேற்றிய கலம் 4.2 வோல்ட் காட்டும். நான்கையும் கூட்டினால் 16.8. தீரும் தறுவாயில் அது சுமார் 12 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆக, காலையில் மாட்டும்போது 16.8, கழற்றும்போது 12. அச்சிட்ட எண்ணாகிய 14.4 இவ்விரண்டுக்கும் நடுவே சிறிது நேரம் தங்கிச் செல்லும் விருந்தாளி.

பிளேட்டில் பக்கவாட்டில் 'டி-டாப்' என்று வழங்கும் இரண்டு முனைத் துளைகள் இருக்கும். துணைக்கருவிகளுக்கு மின்சாரம் எடுப்பது அதிலிருந்துதான். கடைகளில் இதனை '12 வோல்ட் இணைப்பு' என்று சொல்லி விற்பதுண்டு. இந்தச் சொல் தவறான நம்பிக்கையைத் தருகிறது. பெரும்பாலான பிளேட்டுகளில் டி-டாப் துளை பாட்டரியின் முனைகளோடு நேராகவே இணைந்திருக்கிறது. பாட்டரியில் என்ன இருக்கிறதோ அதுதான் அங்கும் வரும். '12 வோல்ட்' என்று மட்டும் அச்சிட்ட ஒரு சிறு கருவியை அதில் செருகினால், புதிதாக மின்னேற்றிய பாட்டரி அதற்கு 16.8 வோல்ட் கொடுக்கும். எதிர்பார்த்ததைவிட 40 விழுக்காடு அதிகம். சிறிய 7.2 வோல்ட் பாட்டரியால் ஓட வேண்டிய மானிட்டரை இதில் நேராக இணைத்தால் இரு மடங்குக்கு மேல் செல்லும். அது பிழைப்பது அரிது. ஆகவே கருவியின் அடியில் உள்ள அச்சைப் படியுங்கள். '11 முதல் 17 வோல்ட் வரை' என்பது போல் ஒரு வரம்பு எழுதப்பட்டிருந்தால் அச்சமில்லை. ஒரே எண் மட்டும் இருந்தால், இடையே மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் அமைந்த கேபிளைத்தான் பயன்படுத்த வேண்டும். சில பிளேட்டுகளில் 5 வோல்ட், 8 வோல்ட், 12 வோல்ட் என்று சீராக்கிய துளைகளும் தனியே இருக்கும். அவை நல்லவை, ஆனால் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற சிறு எழுத்தையும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது படித்துவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஓர் எடுத்துக்காட்டுக்காகக் காமிரா 50 வாட், மானிட்டர் 20 வாட், கம்பியில்லாக் கருவி 10 வாட், போகஸ் மோட்டார் 10 வாட் எடுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 90 வாட். இப்போது ஒரு கேள்வி. பாட்டரி தீரத் தீர மின்னோட்டம் குறையுமா, கூடுமா? ஓம் விதியைப் படித்த மாணவன், 'அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும்' என்று உடனே விடை சொல்வான். சாதாரண மின்விளக்குக்கு அது சரி. இந்தக் கருவிகளுக்குச் சரியன்று. இவற்றின் உள்ளே மின்மாற்றுச் சுற்றுகள் இருக்கின்றன. தமக்கு வேண்டிய வாட்டை எப்படியும் வாங்கியே தீரும் பிடிவாதக்காரர்கள் அவை. அழுத்தம் குறைந்தால் அதிக ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும். 90 வாட்டுக்கு 16.8 வோல்ட்டில் 5.4 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் வேண்டும். காலையெல்லாம் ஒழுங்காக ஓடிய காமிரா, பாட்டரி தீரும் வேளையில் போகஸ் மோட்டார் சற்று வேகமாகத் திரும்பியவுடன் சட்டென்று அணைவதற்கு இதுவே காரணம். அந்தக் கணத்தில் ஓட்டம் எல்லை மீறுகிறது. பாட்டரியில் உள்ள காப்புச் சுற்று கதவை அடைத்துவிடுகிறது. பாட்டரி கெட்டுவிட்டது என்று அதன்மேல் பழி போடுவார்கள். பாவம், அது தன் கடமையைத்தான் செய்தது.

ஒரு துளையை நான்காகப் பிரிக்கும் இணைப்பான்கள் மலிவாகக் கிடைக்கின்றன. துளை நான்காகலாம், தாங்கும் ஆம்பியர் நான்காகாது. கம்பி மெல்லியதாக இருந்தால் அதுவே ஒரு தொல்லை. குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்புக் கம்பியில் அரை மீட்டர் கேபிள் செய்தால், போய்வரும் தூரம் ஒரு மீட்டர். தடை ஏறத்தாழ 0.086 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் அந்தக் கேபிளே இரண்டு வாட்டுக்கு மேல் வெப்பத்தை வெளியிடும். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இது நீங்கள் பள்ளியில் படித்த ஜூல் விதிதான்.

இனி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் ஓரளவு எச்சரிக்கை உள்ளவர்களுக்குத் தெரிந்தவை. இது தெரிந்தவர் குறைவு.

கம்பியில்லாப் படம் அனுப்பும் கருவிக்கு இரண்டு கேபிள்கள் செல்கின்றன. ஒன்று பிளேட்டிலிருந்து வரும் மின்கேபிள். அதில் நேர்முனைக் கம்பி ஒன்று, எதிர்முனைக் கம்பி ஒன்று. மற்றது காமிராவிலிருந்து படத்தைக் கொண்டுவரும் 'எஸ்.டி.ஐ.' கேபிள், அதில் நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிச் செம்பிழையால் பின்னிய உறை. அந்தப் பின்னல் உறை ஒருபுறம் காமிராவின் உடலோடும், மறுபுறம் கருவியின் உடலோடும் சேர்ந்திருக்கிறது. இரண்டு உடல்களும் பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தவை. ஆகவே கருவியிலிருந்து பாட்டரிக்குத் திரும்பிச் செல்ல மின்சாரத்துக்கு ஒரு வழி அல்ல, இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று அதற்கென்றே போட்ட எதிர்முனைக் கம்பி. மற்றொன்று படம் செல்லும் கேபிளின் பின்னல் உறை, அதன் வழியே காமிராவின் உடல், அங்கிருந்து பிளேட். முன்வாசல் திறந்திருக்கும்வரை கொல்லைப்புறத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

முன்வாசல் அடைபட்டால் என்ன ஆகும்? டி-டாப் இணைப்பில் இரண்டு ஊசிகளும் ஒரே நீளம். செருகும்போது கை சற்றுச் சாய்ந்தால் நேர்முனை ஊசி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தித் தொட்டுவிடலாம். எஸ்.டி.ஐ. கேபிளை ஏற்கெனவே மாட்டியிருந்தால், அந்தச் சிறு கணத்தில் மின்சாரம் முழுவதும் கொல்லைப்புற வழியேதான் திரும்பியாக வேண்டும். அந்தக் கணமோ மிகக் கெட்ட கணம். கருவியின் உள்ளே உள்ள மின்தேக்கிகள் வெறுமையாக இருக்கின்றன. கோடைக்குப் பின் முதல் மழையைக் குடிக்கும் வயல் போல் அவை ஓட்டத்தை உறிஞ்சும். அந்த வேகம் அத்தனையும் படக் கேபிளின் வழியே காமிராவுக்குள் பாய்கிறது. பின்னல் உறையின் பிடிப்பு அந்த நேரம் உறுதியாக இருந்தால் தப்பலாம். அது தளர்ந்து, நடுக்கம்பி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், ஓட்டம் நடுக்கம்பியில் நுழையும். அந்தக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் சில்லு 0.8 வோல்ட் அளவுள்ள படச் சைகையை அனுப்பப் பிறந்தது. அதன்மேல் 14 வோல்ட்டோ 16 வோல்ட்டோ வந்து விழுந்தால் அது தாங்குமா?

காமிரா அணையாது, புகை வராது, படம் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும். வெளியே படம் அனுப்பும் வாய் மட்டும் ஊமையாகிவிடும். அதைச் சரிசெய்வதற்கு உள்ளே உள்ள பலகையையே மாற்ற வேண்டி வருவதுண்டு.

ஒருமுறை ஒரு படக் குழுவினர் அப்படி ஒரு காமிராவைக் கொண்டுவந்தார்கள். கூடவே உதவியாளனாகச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளைஞனும் வந்திருந்தான். கேபிளைக் கடைசியாகக் கழற்றியவன் அவன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதுபோலப் பலகையின் விலையை அவன் கூலியில் பிடிப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். நான் காமிராவைத் திறக்குமுன் மின்கேபிளைக் கேட்டு வாங்கினேன். டி-டாப் தலையின் எதிர்முனை ஊசி ஆடிக்கொண்டிருந்தது; தலையைப் பிரித்துப் பார்த்தால் பற்றவைப்பு விட்டுப் போயிருந்தது. விட்ட இடம் பச்சை பூத்துப் பழையதாக இருந்தது. அதாவது, நெடுநாளாக அந்தக் கருவிக்கு எதிர்முனைக் கம்பியே இல்லை. திரும்பும் ஓட்டம் முழுவதும் படக் கேபிளின் உறை வழியே போய்க்கொண்டிருந்தது. கருவி குறையின்றி இயங்கியதால் ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. அந்த இளைஞன் மின்சாரத்தை நிறுத்தாமல் படக் கேபிளைத் தளர்த்தியபோது, உறை விட்டது, நடுக்கம்பி ஒரு கணம் தங்கியது, சில்லு போயிற்று. அவன் இடத்தில் யார் கழற்றியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும். இதனை விளக்கி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கூலியைப் பிடிக்கவில்லை என்று பின்னர் அவனே வந்து சொன்னான்.

இதிலிருந்து காத்துக்கொள்ளும் முறை மிக எளிது. காமிரா நிறுவனங்களும் இதனைத் தம் அறிவிப்புகளில் சொல்லியிருக்கின்றன. மாட்டும்போது மின்கேபிள் முதலில், படக் கேபிள் பிறகு. கழற்றும்போது படக் கேபிள் முதலில், மின்கேபிள் பிறகு. இரண்டு வேலைகளையும் கருவியின் சுவிட்சை அணைத்துவிட்டே செய்ய வேண்டும். வீட்டுக்குள் வரும்போது முதலில் நுழைந்தவர் கடைசியில் வெளியேறுவது போன்றது இந்த ஒழுங்கு.

இந்த ஒழுங்கில் இன்னொரு நன்மையும் மறைந்திருக்கிறது. மின்கேபிளை மட்டும் முதலில் மாட்டிக் கருவியை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் எதிர்முனைக் கம்பி முழுமையாக இருக்கிறது என்று பொருள். ஏனெனில் வேறு திரும்பும் வழி அப்போது இல்லை. எரியாவிட்டால், படக் கேபிளை மாட்டிப் பார்க்கலாம் என்று எண்ணவே கூடாது. நான் கண்டவரை பலர் அதைத்தான் செய்கிறார்கள். மாட்டியவுடன் விளக்கு எரிகிறது. 'வந்துவிட்டது' என்று மகிழ்கிறார்கள். வந்தது எந்த வழியாக என்று கேட்பதில்லை. கையில் மல்டிமீட்டர் இருந்தால், பாட்டரியைக் கழற்றிவிட்டு, மின்கேபிளின் எதிர்முனை ஊசிக்கும் கருவியின் படத்துளை உலோக வளையத்துக்கும் இடையே தடையை அளக்கலாம். பெரும்பாலான கருவிகளில் அது சுழியத்தை ஒட்டி இருக்கும். கேபிளை இப்படியும் அப்படியும் வளைக்கும்போது முள் குதித்தால் கேபிளைத் தூர வைத்துவிடுங்கள்.

பியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல கேபிள்களில் பாட்டரிக்கு அருகே ஒரு பியூஸ் இருக்கும். அது கருவியைக் காப்பதற்கென்று பலர் நினைக்கிறார்கள்; அது முதலில் காப்பது கம்பியை. கம்பியின் பாட்டரிப் பக்கத்தில் இருந்தால்தான், நடுவழியில் கம்பி நசுங்கிக் குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் அது உருகித் தடுக்கும். அது நேர்முனைக் கம்பியில் மட்டுமே இருக்க வேண்டும். இரட்டைப் பாதுகாப்பு என்று கருதி எதிர்முனையிலும் ஒன்று வைப்பவர்கள் உண்டு. எதிர்முனைப் பியூஸ் உருகினால் முன்வாசல் அடைபட்டது. ஓட்டம் நாம் மேலே பார்த்த கொல்லைப்புறத்தைத் தேடிப் போகும். காப்பு என்று வைத்ததே கேடாக முடியும்.

சொந்தமாகக் கேபிள் செய்யும் ஆர்வம் உங்களில் சிலருக்கு இருக்கும். அது போற்றத்தக்க ஆர்வமே. ஆனால் செய்த கேபிளைக் கருவியில் செருகுமுன், எந்த ஊசி நேர், எந்த ஊசி எதிர் என்று மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். டி-டாப் தலை ஒருபுறம் வளைந்து ஒருபுறம் தட்டையாக இருப்பது, தலைகீழாகச் செருகாமல் தடுப்பதற்கே. மலிவான பிளாஸ்டிக் தலைகள் சற்று அழுத்தினால் தலைகீழாகவும் நுழைந்துவிடுகின்றன. நுழைய மறுப்பதை வலிந்து நுழைக்காதீர்கள். வேறு பிளேட்டில் உள்ள இரண்டாவது பாட்டரியை டி-டாப் வழியே முதல் பாட்டரியோடு சேர்த்து 'கூடுதல் நேரம்' பெற முயல்வதும் ஆகாது. நிறைந்த பாட்டரி குறைந்த பாட்டரிக்குள் கட்டுப்பாடின்றிப் பாயும். இரண்டு பாட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தவென்றே, ஒன்று மற்றொன்றுக்குள் பாயாதபடி அமைத்த பிளேட்டுகள் தனியே விற்கின்றன.

எல்லாவற்றையும் மாட்டி முடித்துப் படப்பிடிப்புத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனபின், ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே, ஒவ்வொரு டி-டாப் தலையையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. விரலை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால், அங்கே ஊசியின் பிடிப்புத் தளர்ந்திருக்கிறது, அல்லது அந்தத் துளை தாங்கும் அளவைவிட அதிகமான ஓட்டம் போகிறது. கருவியை அணைத்து, படக் கேபிளை முதலில் கழற்றி, அந்தத் தலையை மாற்றிவிட்டு அடுத்த காட்சியை எடுக்கலாம்.